மடிக்கணினியில் வழுநாடும் முறை

கணினியைக் கையாள்வோர் யாவரும் ஒருகாலன்றி ஒருகால் எய்தும் இடர் ஒன்றுண்டு. எழுதிக்கொண்டிருக்கும் செய்நிரல் யாதொரு முன்னறிவிப்புமின்றி மூடிக்கொள்ளும். மீளத் திறந்தாற் சிறிது பொழுது இயங்கி மறுபடியும் மூடிக்கொள்ளும். மறுநாட் காலையில் அச்சிடவேண்டிய தவணைப் பரீட்சை வினாத்தாளை இரவிற் செப்பஞ்செய்துகொண்டிருக்கும் ஆசிரியருக்கும், ஆய்வுக்கட்டுரையை முடிக்குந் தறுவாயிலுள்ள மாணவருக்கும் இது சிறு தொல்லையன்று. அவ்வேளை பெரும்பாலார் செய்வன இரண்டு. செய்நிரலை அகற்றி மீள நிறுவுதல் ஒன்று. மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுசென்று ‘போமற்’ செய்வித்தல் மற்றொன்று. முன்னையது பலவேளைகளிற் பயனற்றது. பின்னையது சிலவேளைகளில் நோயோடு நோயாளியையும் போக்கிவிடுவது. இவ்விரண்டிற்கும் முன்னர்ச் செய்யத்தக்கன யாவை, அவற்றை எக்காரணம்பற்றிச் செய்தல் வேண்டும் என்பன, விண்டோஸ் பணிசெயல் முறைமையில் இயங்கும் மடிக்கணினியையும் அதிற் பெரிதும் பயிலும் ‘வேர்ட்’ என்னும் எழுத்துச் செய்நிரலையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு ஆராயப்படும்.

செய்நிரல் மூடிக்கொள்ளுதல் என்பது யாது? கணினியில் ஒரே வேளையிற் பல செய்நிரல்கள் இயங்குகின்றன. அவை ஒவ்வொன்றிற்கும் நினைவகத்தில் ஓரெல்லையைப் பணிசெயல் முறைமை வகுத்துக் கொடுக்கின்றது. தனக்குரியதல்லாத இடத்தைப் படிக்கவோ எழுதவோ ஒரு செய்நிரல் முயலுமாயின், மைய முறைவழியாக்க அலகு அதனைக் கண்டு பணிசெயல் முறைமைக்கு உணர்த்தும். செய்நிரல் தானே அப்பிழையை ஏற்றுச் சமாளிக்க வகைசெய்யாதவிடத்து, முறைமை அதனை முடித்துவிடும். ஆகவே மூடிக்கொள்ளுதல் ஒருவகையிற் காவலேயாம். 2001 ஆம் ஆண்டில் விண்டோஸ் எக்ஸ்பீ வெளிவரும்வரை இல்லங்களிற் பயின்ற விண்டோஸ் வகைகளில் இக்காவல் குறைபாடுடையதாயிருந்தது. ஒரு செய்நிரலின் பிழை கணினி முழுவதையும் நிறுத்துதல் அந்நாளில் வியப்பிற்குரியதன்று.

இங்கே கருத்திற்கொள்ளவேண்டிய உண்மையொன்றுண்டு. பிழை பிடிபடும் இடம் வேறு. பிழை நிகழ்ந்த இடம் வேறு. நூல்நிலையத்தில் ஒருவர் ஒரு நூலை உரிய அடுக்கில் வையாது பிறிதோரடுக்கில் வைத்துச் செல்கின்றார். மூன்று மாதங்களின் பின் வேறொருவர் அந்நூலைத் தேடி வெறுங்கையுடன் திரும்புகின்றார். அவர் ஏமாந்த அடுக்கை எத்துணை ஆராய்ந்தாலும் காரணம் அங்கே அகப்படாது. கணினியின் பிழைகள் பலவும் இத்தகையன.

இப்பிழையைக் குறித்தற்கு ஆங்கிலத்திற் பூச்சி என்னும் பொருளுடைய சொல் வழங்குகின்றது. 1947 ஆம் ஆண்டு செத்தெம்பர் 9 ஆம் நாள் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் கணிபொறியின் மின்னிணைப்பானொன்றில் அந்துப்பூச்சி அகப்பட்டதும், அது குறிப்பேட்டில் ஒட்டி வைக்கப்பட்டதும் பலரறிந்த செய்தி. ஆயின் அச்சொல் அதற்கு முன்னரே பொறிவல்லாரிடை வழங்கியதாகும். தமிழில் அதற்கு வாய்த்த ‘வழு’ என்னுஞ் சொல்லோ இலக்கணத்தார் ஆண்டு முதிர்ந்தது. அவர்கள் வழு, வழாநிலை என்பவற்றோடு வழுவமைதி என ஒன்றனையும் கொண்டனர். அதன் பயன் பின்னர்ப் புலனாகும்.

முதற்கண் செய்தற்பாலது ஆராய்ச்சியன்று, படியெடுத்தல். வேர்ட் இயல்பாகப் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை மீட்புப்படியொன்றைத் தானே வைத்துக்கொள்ளும். மூடிக்கொண்ட பின் மீளத் திறக்கும்போது அது காட்டப்பட்டால் உடனே வேறொரு பெயரிற் சேமித்து, ஏனைய கோப்புகளோடு புறத்தேயுள்ள சாதனமொன்றிற் படியெடுத்தல் வேண்டும். இதனைச் செய்யாது வழுவைத் தேடுவார், தேடும் முயற்சியாலேயே கோப்பை இழத்தலுங் கூடும். கடைக்காரர் கையில் ஒப்படைக்குமுன் இது செய்யப்பட்டதா என வினவாத கடைகள் பல.

அடுத்தது மீளத் தொடக்குதல். இதனை எளிதென எண்ணி ஏமாறுவோர் பலர். 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாக, கணினியை நிறுத்தும்போது முறைமையின் உட்பகுதி முற்றாக அழிக்கப்படாமல் வன்தட்டிற் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை விரைவாகத் தொடங்குதற்கு அதுவே மீளக் கொணரப்படும் ஏற்பாடு பல கணினிகளிலுண்டு. எனவே ‘ஷட் டவுன்’ செய்து மீண்டும் இயக்கியவர் பழைய நிலையையே திரும்பப் பெறுகின்றார். ‘றீஸ்ராட்’ செய்தவரே புதிதாகத் தொடங்குகின்றார். மூடியை மடித்து உறங்கவைத்தே வாரக்கணக்கில் நடத்தப்படும் மடிக்கணினியில் இவ்வேறுபாடு பெரிது.

அதன் பின்னும் இடர் தொடருமாயின் மூடிக்கொள்வது எது என்பதை நோக்குதல் வேண்டும். ஒரு செய்நிரல் மட்டும் மூடிக்கொண்டு ஏனையவை செவ்வனே இயங்குமாயின், குறை அச்செய்நிரலிலோ அதன் அமைப்புகளிலோ திறக்கப்படும் கோப்பிலோ இருத்தல் பெரும்பான்மை. இன்று இது, நாளை அது எனத் தொடர்பற்ற செய்நிரல்கள் மூடிக்கொள்ளுமாயின் நினைவகத்தையும் வன்தட்டையும் ஐயுறுதல் தகும். கணினி முழுவதும் திடீரென அணைந்துவிடுமாயின் வெப்பம், மின்வழங்கல் என்பவற்றை நோக்குதல் வேண்டும். மெத்தையின்மேல் வைத்துக் காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டு, கணினி சூடேறுகின்றதென முறையிடுவோரும் உளர்.

விண்டோஸ் இத்தகைய நிகழ்ச்சிகளைக் குறித்து வைக்கின்றது. ‘ஈவென்ற் வியூவர்’ என்னும் பகுதியில், பிரயோகங்களுக்குரிய பதிவேட்டில், 1000 என்னும் எண்ணுடைய குறிப்புகள் இதற்குரியன. மூடிக்கொண்ட செய்நிரலின் பெயர், பிழை பிடிபட்ட கூறின் பெயர், பிழையின் வகையைக் காட்டும் குறியீடு என்பன அங்கே காணப்படும். ‘சி0000005’ என்பது உரிமையற்ற நினைவிடத்தை அணுகியமையையும், ‘சி0000374’ என்பது செய்நிரலின் நினைவுக்குவியல் முன்னரே சிதைந்திருந்தமையையும் குறிக்கும். பின்னதில் விண்டோஸின் அடிப்படைக் கூறொன்றின் பெயரே குற்றவாளிபோலத் தோன்றும். அது கண்டுபிடித்த காவலாளனேயன்றிக் கள்வனன்று. இவ்வாறன்றி அச்சுப்பொறிக்கோ வரைவியலுக்கோ உரிய செலுத்தியின் பெயர் திரும்பத் திரும்பக் காணப்படுமாயின் அது நல்ல தடயமாகும். ஒரு குறிப்பைக் கொண்டு முடிவுசெய்யாது ஐந்தாறு குறிப்புகளை ஒப்புநோக்குதல் நன்று.

இனி, பிரித்தறிதல். ஒரே வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுக என்பது இதன் விதி. மூன்றை ஒருங்கே மாற்றிய பின் இடர் நீங்கினாலும் காரணம் அறியப்படாது. அறியப்படாத காரணம் மீண்டும் வரும். வேர்டைத் திறக்கும்போது கட்டுப்பாட்டு விசையை அழுத்திப் பிடித்தால் அது துணைநிரல்களை விடுத்துப் பாதுகாப்பு நிலையில் திறக்கும். அந்நிலையில் இடர் இல்லையாயின் துணைநிரல்களைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை நிறுத்திச் சோதித்தல் வேண்டும். குற்றமுடையது ஒன்றேயாயின், பதினாறு துணைநிரல்களிலிருந்து நான்கு சோதனைகளில் அது அகப்பட்டுவிடும். ஒரு கோப்பைத் திறக்கும்போது மட்டும் இடர் நேருமாயின் அக்கோப்பின் படியை வேறொரு கணினியில் திறந்து பார்த்தல் போதும். வரைவியற் பணிக்கெனத் தனி அலகொன்றும் மைய அலகோடிணைந்த அலகொன்றுமாக இரண்டையுடைய மடிக்கணினிகளில், செய்நிரல் பயன்படுத்தும் அலகை மாற்றிச் சோதித்தலும் உண்டு.

மீள நிறுவுதல் பலவேளைகளிற் பயன்படாமைக்குக் காரணம் இங்கே விளங்கும். செய்நிரல் ஓரிடத்திலும், பயனர் வகுத்த அமைப்புகள் அவருடைய கணக்கின்கீழ் வேறோரிடத்திலும் வைக்கப்படுகின்றன. வேர்டில் ‘நோமல்’ எனப்படும் அடிப்படை வார்ப்புருக் கோப்பு இவ்வாறானது. அது பழுதுற்றிருக்கையிற் செய்நிரலை அகற்றி மீள நிறுவினால், புதிய செய்நிரல் பழைய பழுதையே மீண்டும் படிக்கும். அக்கோப்பிற்கு வேறு பெயரிட்டுவிட்டால் வேர்ட் புதியதொன்றை ஆக்கிக்கொள்ளும். அழித்தலினும் பெயர்மாற்றுதல் சிறந்தது. அதிற் பயனர் அமைத்த குறுஞ்செயல்கள் இருத்தல் கூடும். கணினியிற் புதிய பயனர் கணக்கொன்றை ஆக்கி அதில் இயக்கிப் பார்த்தலும் இத்தகைய ஐயத்தைத் தீர்க்கும்.

வன்பொருட் குறை மென்பொருட் குறைபோல வேடமிட்டு வருவதற்கு அண்மைக்காலச் சான்றொன்று போதும். இன்ரெல் நிறுவனத்தின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக்கணினி முறைவழியாக்கிகளிற் சிலவற்றில் விளையாட்டுச் செய்நிரல்கள் மூடிக்கொண்டன. வரைவியல் நினைவகம் போதாதென்னும் செய்தி திரையிற் பலர்க்குத் தோன்றிற்று. வரைவியல் நினைவகமோ போதியதாகவே இருந்தது. முறைவழியாக்கி தவறாகக் கணித்தமையால் விரித்தெடுக்கப்பட்ட தரவுகள் பழுதுற்றன. செய்நிரல் தனக்குத் தெரிந்த காரணத்தைக் கூறிற்று. அளவிற்கு மிகுந்த மின்னழுத்தம் மூலகாரணங்களுள் ஒன்றென 2024 இல் நிறுவனம் அறிவித்து, முறைவழியாக்கியின் உள்நிரலைத் திருத்தியது. ஏற்கனவே பழுதுற்றவற்றைத் திருத்தம் குணப்படுத்தாது என்பதனால் அவற்றை மாற்றவேண்டியிருந்தது. உத்தரவாதக் காலமும் இரண்டாண்டு நீட்டப்பட்டது. மடிக்கணினிகளை இக்குறை சாராதென நிறுவனம் கூறினும், திரைச்செய்தியை வேதவாக்காகக் கொள்வோர்க்கு இந்நிகழ்ச்சி பயன்படும். நினைவகத்தைச் சோதிக்கும் கருவி விண்டோஸிலேயே உண்டு. தொடர்பற்ற செய்நிரல்கள் மூடிக்கொள்ளும் கணினியில் அதனை ஓரிரவு இயக்கிப் பார்த்தல், புதிய மென்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுவிப் பார்த்தலினும் மேலானது.

இவையனைத்தும் செய்தும் குறை செய்நிரலிலேயே உளதெனத் துணியப்படுமாயின், அதனை ஆக்கினோரே திருத்தவல்லர். இற்றைப்படுத்தலின் பின் தோன்றிய இடராயின் முந்திய பதிப்பிற்கு மீளலாம். அதுவும் இயலாவிடத்து, மூடிக்கொள்ளச் செய்யும் அச்செயலைத் தவிர்த்து வேறு வழியாற் கருமத்தை முடித்தலே வழுவமைதி. இலக்கணத்தார் காரணங்காட்டியே வழுவை அமைத்துக்கொண்டனர். இங்கும் அவ்வாறே, எதைத் தவிர்ப்பதென அறிந்து தவிர்த்தல் வேண்டும்.

வினாத்தாளோடு இரவில் அமர்ந்திருக்கும் ஆசிரியர் இத்துணை ஆராய்ச்சியையும் அவ்விரவிலேயே செய்ய வேண்டுவதில்லை. கோப்பைப் படியெடுத்து, அயலாரின் கணினியிலோ, லிப்ரே ஒபிஸ் போன்ற வேறொரு செய்நிரலிலோ திறந்து, பக்க அமைப்பு மாறியிருப்பின் சரிசெய்து, வேலையை முடித்துவிடலாம். பதிவேட்டிலுள்ள குறிப்புகள் மறுநாளும் அங்கேயே இருக்கும்.