திரைக்கு இந்தப் பக்கம் – 14: யாரும் புதைக்கப்படாத கல்லறைத் தோட்டம்

போன வாரம் கிளின்ட் ஈஸ்ட்வுட்டை ரோம் நகரத்தில், இயக்குநர் செர்ஜியோ லியோனியின் எதிரே, 15,000 டாலர் சம்பளத்துக்குத் தலையாட்டிய டி.வி. நடிகராக விட்டுவிட்டு வந்தோம். பான்ச்சோவும் சுருட்டும் வந்த கதையை மறுபடி சொல்லவில்லை. தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் அவர் கார்மெல் நகரத்தின் மேயரான கதையை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். குறிப்புகளும் தயார். அதற்குள் 'சாட் ஹில்' என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு நடிகர்மேல் ரசிகர்கள் வைக்கும் அன்பு எந்த அளவுக்குப் போகும் என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்களுக்கு, இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

ஸ்பெயினின் வடக்கே புர்கோஸ் மாகாணத்தில் சாண்டோ டொமிங்கோ டி சிலோஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே பழைமையான ஒரு மடாலயம் இருக்கிறது. அந்த மடத்துத் துறவிகள் பாடிய கிரிகோரியன் ஜெபப் பாடல்களின் இசைத்தட்டு 1994-ல் உலகமெங்கும் லட்சக்கணக்கில் விற்று, பாப் பாடகர்களின் தட்டுகளோடு போட்டி போட்டது. அந்த ஊருக்கும் கான்ட்ரெராஸ் என்ற பக்கத்து ஊருக்கும் நடுவே, மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. 1966-ல் லியோனி 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தின் கடைசிக் காட்சியை எடுக்க அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

படத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கம் ஒரு கல்லறைத் தோட்டத்தில் புதைந்திருக்கிறது. தோட்டத்தின் பெயர் ஒருவனுக்குத் தெரியும், கல்லறையில் எழுதியிருக்கும் பெயர் இன்னொருவனுக்குத் தெரியும். மூன்றாமவனுக்கு இரண்டும் வேண்டும். மூவரும் வந்து சேரும் இடம்தான் சாட் ஹில். சாதாரணக் கல்லறைத் தோட்டம் லியோனிக்குப் போதவில்லை. ரோமானியர்களின் வட்ட அரங்கம்போல நடுவில் ஒரு களம், அதைச் சுற்றிச் சுற்றி அடுக்கடுக்காகக் கல்லறைகள் என்று கேட்டார். கலை இயக்குநர் கார்லோ சிமி வரைந்து கொடுத்தார். நூற்றுக்கணக்கான ஸ்பெயின் ராணுவச் சிப்பாய்கள் மண்ணைக் குவித்து, மரச்சிலுவை நட்டு, ஏறக்குறைய ஐயாயிரம் கல்லறைகளை எழுப்பினார்கள். ஒன்றிலும் மனிதர் யாரும் அடக்கமாகவில்லை.

ராணுவம் இப்படிக் கட்டியதையெல்லாம் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. அதே படத்துக்காக அதே வட்டாரத்தில் ஒரு பாலம் கட்டினார்கள். அதை வெடிவைத்துத் தகர்க்கும் பொறுப்பை ஒரு ராணுவ கேப்டனிடம் கொடுத்திருந்தார்கள். யாரோ சொன்ன ஒரு சொல்லைச் சைகை என்று எண்ணி அவர் பொத்தானை அழுத்திவிட்டார். கேமராக்கள் ஓடவில்லை, பாலம் மட்டும் தூள்தூளாகப் போய்விட்டது. அந்தச் சிப்பாய்களே மறுபடி முழுப் பாலத்தையும் கட்டினார்கள், மறுபடி தகர்த்தார்கள். நாம் படத்தில் பார்ப்பது இரண்டாவது பாலம்.

சாட் ஹில்லுக்கு வருகிறேன். டுகோவாக நடித்த ஈலை வாலக், தங்கம் எங்கே என்று தேடி அந்தக் கல்லறைகளுக்கு நடுவே ஓடுவாரே, அந்தக் காட்சியை மறக்க முடியுமா? எனியோ மோரிகோனியின் இசை ஏற ஏற அவர் ஓட்டமும் ஏறும். கேமரா அவரோடு சுழன்று சுழன்று, கடைசியில் சிலுவைகள் வெறும் கோடுகளாகிவிடும். ஓடத் தொடங்கும் இடத்தில் ஒரு நாய் குறுக்கே பாயும். வாலக்குக்குச் சொல்லாமலே லியோனி அந்த நாயை அவிழ்த்துவிட்டார். திடுக்கிட்டு அவர் திரும்புவது நடிப்பு இல்லை. அந்த ஓட்டத்தை அப்படியொரு அதிர்ச்சியோடு ஆரம்பித்ததால்தான் அது கேலிக்கூத்தாக மாறாமல் வெறியாக மாறுகிறது என்பது என் கணிப்பு.

பிறகு ஈஸ்ட்வுட் வருகிறார். ஒரு கல்லில் பெயரை எழுதுவதாகச் சொல்லி, அதை வட்டத்தின் நடுவே வைக்கிறார். மூவரும் ஆளுக்கொரு மூலையாக நிற்கிறார்கள். வசனமே இல்லாமல் நிமிடக்கணக்கில் கண்கள், கைகள், துப்பாக்கிப் பிடிகள். எல்லாம் முடிந்தபின் பார்த்தால் அந்தக் கல்லில் ஓர் எழுத்தும் இல்லை. வாயையே திறக்காத அந்த மனிதனுக்கு எழுதவும் ஒன்றும் இல்லை! பெயரில்லாத கல்லறையில்தான் தங்கம். ஈஸ்ட்வுட்டின் நடிப்பை ஒரே பொருளில் காட்டச் சொன்னால் அந்த வெற்றுக் கல்லைத்தான் காட்டுவேன். முதல் படத்திலேயே தனக்குக் கொடுத்த வசனங்களை வெட்டச் சொல்லி லியோனியோடு வாதாடியவர் அவர். அவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் பார்க்கிறவன் தன் மனத்துக்குள் எழுதிக்கொள்கிறான். ரசிகர் கூட்டம் அறுபது ஆண்டுகள் கழித்தும் கலையாமல் இருப்பதற்கு இதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். பேசிக் கைதட்டல் வாங்கியவர்களின் வசனங்கள் காலத்தோடு பழசாகின்றன. இவர் விட்டுவைத்த இடைவெளியில் ஒவ்வொரு தலைமுறையும் தன் வசனத்தைப் போட்டுக்கொள்கிறது.

படப்பிடிப்பு முடிந்தது, எல்லோரும் போய்விட்டார்கள். சிலுவைகள் மட்கின. மேடுகள்மேல் புல் வளர்ந்தது, மாடுகள் மேய்ந்தன. நடுவிலிருந்த கல் பாவிய வட்டம் மண்ணுக்குள் மறைந்தே போனது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள்.

இங்கேதான் ரசிகர்கள் வருகிறார்கள். அந்த வட்டாரத்துக்காரர்கள் சிலர் ஒரு சங்கம் அமைத்து, 2015-ல் மண்வெட்டியும் கடப்பாரையுமாகப் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். சங்கத்தில் இருந்தவர்கள் தங்கள் விடுமுறை நாட்களைக் கொடுத்தார்கள்; அரசாங்கத் திட்டமோ படக் கம்பெனியின் பணமோ இல்லை. செய்தி பரவியதும் ஸ்பெயினின் மற்ற ஊர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். புல்லை வெட்டி, மண்ணைச் சுரண்டியபோது மண்வெட்டியின் நுனி கல்லில் பட்டது. ஈஸ்ட்வுட் நின்ற அதே தளம், போட்டது போட்டபடி கீழே இருந்தது. அதன்பின் வார இறுதிகளில் வந்து வட்டம் முழுவதையும் திறந்தார்கள்.

சிலுவைகளுக்குப் பணம்? அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் என்னை மயக்கியது. 15 யூரோ கொடுத்தால் ஒரு கல்லறை உங்கள் பேரில். சிலுவை செய்து, அதில் உங்கள் பெயரைக் கையால் எழுதி, படத்தில் இருந்ததுபோல மேட்டின் தலைமாட்டில் நட்டுவிடுவார்கள். உயிரோடு இருக்கும் மனிதர்கள் வரிசைகட்டித் தங்கள் பெயரில் கல்லறை வாங்கினார்கள். நம் ஊரில் இதைக் கேட்டால் வாயில் அடித்துக்கொள்வார்கள், அபசகுனம் என்பார்கள். அவர்களுக்கோ அது அந்தப் படத்துக்குள் நிரந்தரமாக ஓர் இடம். டுகோ ஓடும் வழியோரத்தில் நம் பெயரும் இருக்கும் என்ற ஆசை. அந்த ஆசையை நான் முழுமனதோடு புரிந்துகொள்கிறேன்.

வந்தவர்களில் இளைஞர்கள் பலர். படம் வந்தபோது பிறக்காதவர்களுக்கு அந்த இடத்தின்மேல் எப்படிப் பித்துப் பிடித்தது? ஒரு வழி தெரிகிறது. மெட்டாலிகா என்ற ராக் குழு 1983-லிருந்து தன் கச்சேரிகளை மோரிகோனியின் அந்தக் கல்லறை இசையோடுதான் தொடங்கி வருகிறது. மேடைத் திரையில் வாலக் ஓடுகிற காட்சியும் வரும். ஆக, ஊர் ஊராக, மைதானம் மைதானமாக, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே குரலில் அந்த மெட்டைப் பாடியபடி சாட் ஹில்லைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் இந்த மீட்பு வேலையைப் பற்றி எடுத்த 'சாட் ஹில் அன்எர்த்ட்' ஆவணப்படத்தில் பேசுகிறார். கியெர்மோ டி ஒலிவேரா இயக்கிய படம், 2017-ல் வந்தது.

2016-ல், படத்தின் ஐம்பதாவது ஆண்டுக்கு அந்தப் பள்ளத்தாக்கிலேயே திரை கட்டிப் படத்தைப் போட்டார்கள். கூட்டம் கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. அங்கே திரையில் ஈஸ்ட்வுட்டே தோன்றி நன்றி சொன்னார். அப்போது அவருக்கு 86 வயது. 'சல்லி' படத்தை முடித்து வெளியிடும் வேலையில் இருந்தார். ஆவணப்படத்தில் அந்த இடம் வரும்போது ஈஸ்ட்வுட்டைப் பார்க்காதீர்கள். மண்வெட்டி பிடித்தவர்களின் முகங்களைப் பாருங்கள். வளர்ந்த ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்டது அவ்வளவுதான், அது கிடைத்துவிட்டது.

ரசிகர்களுக்குப் பதில் சொல்லும் இந்தக் குணம் நம் பக்கத்துக்கும் ஒருமுறை நீண்டது. 2023 தீபாவளிக்கு வந்த 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' படத்தில் ராகவா லாரன்ஸ் ஏற்ற 1970-களின் மதுரை ரவுடி, ஈஸ்ட்வுட் பக்தன். கார்த்திக் சுப்பராஜும் குழுவினரும் இப்படி ஒரு படம் எடுத்திருக்கிறோம் என்று ட்விட்டரில் தெரிவித்தார்கள். ஈஸ்ட்வுட்டின் பெயரிலுள்ள கணக்கிலிருந்து பதில் வந்தது: படத்தைப் பற்றி அவருக்குத் தெரியும், 'ஜூரர் 2' வேலை முடிந்ததும் பார்ப்பார் என்று. 93 வயதில், பார்க்க நேரமில்லை, படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது பதில்! ஜெய்சங்கரைக் குதிரையேற்றி 'கங்கா' எடுத்த கர்ணனின் காலத்திலிருந்து கௌபாய் தொப்பியை ரசிக்கும் ஊர் நம்முடையது. அந்தப் பதிலை நாம் கொண்டாடியதில் ஆச்சரியம் இல்லை.

விமர்சகர்கள் அவரை ஏற்க வெகுகாலம் ஆனது. இத்தாலியப் படங்களை மலிவுச் சரக்கு என்றார்கள். மரக்கட்டை நடிப்பு என்றார்கள். 1992-ல் 'அன்ஃபர்கிவன்' வந்து, அதற்குச் சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட நான்கு ஆஸ்கர் கிடைத்தபின்தான் குரல் மாறியது. அந்தப் படத்தின் முடிவில் செர்ஜியோவுக்கும் டானுக்கும் சமர்ப்பணம் என்று போட்டிருப்பார். லியோனியும், 'டர்ட்டி ஹாரி' எடுத்த டான் சீகலும்தான் அவர்கள். இருவரும் அப்போது உயிரோடு இல்லை. விமர்சகர்கள் அன்று கண்டுகொண்டதை டிக்கெட் வாங்கியவன் 25 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டுவிட்டான். இதில் ரசிகன்தான் சரி, விமர்சகன் தவறு. எனக்குச் சந்தேகமே இல்லை.

இயக்குநர் ஈஸ்ட்வுட் படப்பிடிப்பில் 'ஆக்‌ஷன்' என்று கத்துவதில்லை என்பதும் இந்த வாரத்துக்கு வைத்திருந்த விஷயம்தான். 'ராஹைட்' தொடரில் நடித்த காலத்தில் அந்தச் சத்தத்துக்குக் குதிரைகள் மிரண்டு ஓடுவதைப் பார்த்தவர், பிறகு மெல்லிய குரலிலேயே தொடங்கச் சொல்லப் பழகிக்கொண்டார். இதை விரிவாக எழுத வேண்டும். இந்தப் பக்கத்தில் இடமில்லை.

அடுத்த வாரம் கட்டாயம் கார்மெல். மாதம் 200 டாலர் சம்பளத்துக்கு அவர் மேயராக இருந்த 1986 முதல் 1988 வரையான இரண்டு ஆண்டுகளும், ஐஸ்கிரீம் சட்டமும். அதற்குள் முடிந்தால் 'ப்ளே மிஸ்டி ஃபார் மீ' பார்த்துவிடுங்கள். 1971-ல் அவர் முதன்முதலாக இயக்கிய படம், அதே கார்மெலில் எடுத்தது. கதை, ஒரு ரேடியோ அறிவிப்பாளரை விடாமல் துரத்தும் ரசிகையைப் பற்றியது.