ஒரே சாலை, இரு வேகம்

"கோல்ஃப் வண்டி சாலையில் ஓடுமா, ஐயா? அது விளையாட்டுத் திடலுக்குள் ஓடுவதல்லவா?"

2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வாழும் என் தமக்கையின் இல்லத்தில் ஒரு திங்கள் தங்கித் திரும்பினேன். அந்தப் பயணத்தைப் பற்றி வகுப்பில் சொன்னபோது மாணவர் ஒருவர் எழுப்பிய வினா இது. அதற்குள் மணி அடித்துவிட்டது. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும், அந்த மாணவருக்கு நான் தர வேண்டிய விடையையே எழுதித் தரலாம் என்று எண்ணினேன். இயற்பியல் பாடம் நடத்துபவன் என்பதால் இதில் சிறிது கணக்கும் வரும்; நண்பர்கள் பொறுத்தருள்க.

முதியோர் ஊரும் சிறு வண்டியும்

அமெரிக்காவில் ஓய்வு பெற்றோர்க்கென்றே அமைந்த ஊர்கள் பல உண்டு. அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகருக்கு அருகே 'சன் சிட்டி' என்னும் குடியிருப்பை டெல் வெப் என்பவரின் நிறுவனம் 1960ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் திறந்தது. கோல்ஃப் திடலை ஒட்டியே வீடுகள் எழுந்தன. விளையாடச் செல்வோர் திடலுக்கென வாங்கிய மின்கல வண்டியிலேயே வீட்டிலிருந்து புறப்பட்டனர். பின்னர் அதிலேயே கடைக்கும் கோயிலுக்கும் போகத் தலைப்பட்டனர். இவ்வாறுதான் திடலில் பிறந்த வண்டி தெருவுக்கு வந்தது.

என் தமக்கை வாழும் 'தி வில்லேஜஸ்' இவ்வகை ஊர்களுள் மிகப் பெரியது. ஹெரால்ட் சுவார்ட்ஸ் என்பவரும் அவர் மகன் கேரி மோர்ஸும் 1980களில் வளர்த்தெடுத்த குடியிருப்பு அது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு 79,077 பேர் இருந்தனர். கோல்ஃப் வண்டிகள் செல்வதற்கென்று 100 மைலுக்கு மேல் நீளும் பாதைகள் அங்கே உள்ளன. அங்காடி, மருத்துவமனை, நடன மண்டபம் என எங்கு நோக்கினும் வாயிலில் வரிசையாக நிற்பவை இவ்வண்டிகளே.

வண்டியின் அமைப்பை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் மேலே சொல்வது விளங்கும். நான்கு சிறு சக்கரங்கள், மேலே ஒரு கூரை, இருவர் அமரும் ஓர் இருக்கை. கதவு இல்லை. பலவற்றில் இருக்கைப் பட்டை இல்லை. தடை பின் சக்கரங்களுக்கு மட்டுமே உள்ள வண்டிகளும் பல. இது முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்கு 20 மைல், அதாவது ஏறத்தாழ 32 கிலோமீட்டர்தான்.

சட்டம் வகுத்த எல்லை

இத்தகைய வண்டிகள் தெருவில் பெருகவே, 1998ஆம் ஆண்டில் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 'குறைவேக வாகனம்' என்றொரு புது வகுப்பை ஏற்படுத்தியது. மணிக்கு 20 மைலுக்கு மேல் 25 மைல் வரை ஓடும் நான்கு சக்கர வண்டிக்கு முகப்பு விளக்கு, திரும்பும் விளக்கு, தடை விளக்கு, கண்ணாடிகள், முகப்புத் தடுப்புக் கண்ணாடி, இருக்கைப் பட்டை ஆகியவை கட்டாயமாயின. புளோரிடாவில் இவ்வகை வாகனம், வேக வரம்பு மணிக்கு 35 மைலுக்கு மிகாத சாலைகளில் செல்லலாம். பதிவும் காப்பீடும் ஓட்டுநர் உரிமமும் வேண்டும்.

20 மைலுக்கு உட்பட்ட கோல்ஃப் வண்டியின் நிலை வேறு. அதை எந்தச் சாலையில் விடலாம் என்பதை, அங்குள்ள போக்குவரத்தின் வேகத்தையும் அளவையும் தன்மையையும் பார்த்து உள்ளாட்சியே முடிவு செய்கிறது. நல்ல தடை, உறுதியான திசைதிருப்பி, பழுதற்ற டயர், பின்புறம் காட்டும் கண்ணாடி, முன்னும் பின்னும் சிவப்பு ஒளித்திருப்பி ஆகியவை இருந்தால் போதும். ஆனால் விளக்குகளும் முகப்புக் கண்ணாடியும் இல்லாத வண்டி, ஞாயிறு எழுவதற்கு முன்னும் மறைந்த பின்னும் சாலைக்கு வரக்கூடாது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல், 18 வயதுக்கு உட்பட்டோர் ஓட்டுநர் உரிமமோ பயில்வோர் உரிமமோ வைத்திருக்க வேண்டும். 18 வயது நிரம்பியவர்க்கு அரசு வழங்கிய படத்துடன் கூடிய அடையாள அட்டையே போதுமானது.

இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் கதை அதில்தான் இருக்கிறது.

அத்தானின் வண்டி

என் அத்தானுக்கு வயது 74. கண் அழுத்த நோயால் அவருடைய பக்கப் பார்வை குறுகிவிட்டது. எதிரே உள்ளதைத் தெளிவாகக் காண்பார். ஓரத்தில் வருவது தெரியாது. மருத்துவர் சொன்னதும், வாதாடாமல் கார்ச் சாவியை என் தமக்கையிடம் கொடுத்துவிட்டார். ஆயினும் கோல்ஃப் வண்டியை அவர் விடவில்லை. விடுமாறு சட்டமும் கேட்கவில்லை. காலையில் நீச்சல் குளம், மாலையில் சீட்டாட்டம், இடையில் கடைத்தெரு என அவருடைய நாள் முழுவதும் அந்த வண்டியின் மேல்தான் நடக்கிறது. அதை நிறுத்தினால் அவர் வீட்டில் நாற்காலியில் அமர்ந்துவிடுவார். அதுவும் உடலுக்கு நல்லதன்று.

நான் சென்ற மறுநாளே என் தமக்கை, "தம்பி, நீ பிசிக்ஸ் படிச்சவன். உன் அத்தான் இந்த வண்டிய ஓட்டலாமா கூடாதா, நீயே பாத்துச் சொல்லு" என்றார். ஆகவே ஒரு திங்கள் அவருக்கு வலப்பக்கத்தில் அமர்ந்து ஊர் முழுதும் சுற்றினேன்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

வேகம் ஆபத்து என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அங்கே நான் கண்டது, வேக வேறுபாடே பெரிய ஆபத்து என்பது. ஒரு கணக்குப் பாருங்கள். மணிக்கு 35 மைல் வேகத்தில் வரும் கார் நொடிக்கு 15.6 மீட்டர் கடக்கிறது. முன்னே 20 மைலில் செல்லும் வண்டி நொடிக்கு 8.9 மீட்டர் செல்கிறது. இடைவெளி நொடிக்கு 6.7 மீட்டர் வீதம் சுருங்குகிறது. 60 மீட்டர் இடைவெளி 9 நொடியில் தீர்ந்துவிடும். காரோட்டி மூன்று நொடி வேறெங்கோ நோக்கினால் 20 மீட்டர் போய்விட்டது. முன்னே சென்றது அதே வேகத்துக் கார் என்றால் அந்த மூன்று நொடியில் இடைவெளி குறையவே குறையாது. பழக்கத்தால் காரோட்டியின் மனம், முன்னே செல்வதையும் ஒரு கார் என்றே கணித்துவிடுகிறது. பிழை அங்கேதான் நேர்கிறது.

மேலும், இயங்கும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வது. 20 மைலில் செல்வதைக் காட்டிலும் 35 மைலில் செல்லும் அதே காரின் ஆற்றல் மூன்று மடங்கு. அதைத் தாங்கிக்கொள்ள வண்டியில் கதவுமில்லை, நசுங்கிக் காக்கும் உடற்கூடுமில்லை.

கார் மோதாமலே நேரும் விபத்தும் உண்டு. அமெரிக்காவில் சாலையின் வலப்புறம் செல்வர். ஓட்டுபவர் இடப்பக்கம் அமர்வார். வண்டி திடீரென இடப்புறம் திரும்பும்போது, வலப்பக்கம் அமர்ந்தவரின் உடல் நேராகச் செல்லவே முயலும்; வண்டியோ அவருக்கு அடியிலிருந்து விலகிவிடும். மணிக்கு 12 மைல் வேகத்தில், 6 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பினால் வேண்டிய முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறையப் பாதி. வழுவழுப்பான இருக்கையில் பிடிமானமின்றி இருப்பவர் அதைத் தாங்க இயலாது. இடுப்பளவுகூட உயராத கைப்பிடி அவரைத் தடுப்பதில்லை. வேகம் இரட்டித்தால் வேண்டிய முடுக்கம் நான்கு மடங்காகும்.

சரிவில் இறங்கும்போது இன்னொன்று. தடையை அழுத்தியதும் வண்டியின் எடை முன் சக்கரங்களின் பக்கம் சாய்கிறது. தடை இருப்பதோ பின் சக்கரங்களில். பிடிப்புக் குறைந்த பின் சக்கரங்கள் வழுக்கினால் வண்டி பக்கவாட்டில் சுழலும். சுரங்கப் பாதைக்குள் இறங்குமுன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்று அத்தான் எனக்குச் சொன்னதன் காரணம் இதுதான்.

ஊர் செய்துள்ள ஏற்பாடு

அவ்வூரின் சாலைகளை மூவகையாகப் பிரிக்கலாம். பெருஞ்சாலைகளை ஒட்டித் தனிப் பாதை செல்கிறது. வண்டியுடன் நடப்போரும் மிதிவண்டியினரும் அதில் செல்வர். சாலையைக் கடக்கச் சுரங்கப் பாதைகளும், நெடுஞ்சாலைக்கு மேலே வண்டிக்கென்றே கட்டிய பாலமும் உண்டு. பழைய பகுதிகளில் சாலையின் ஓரத்திலேயே கோடிட்டு வண்டிக்குத் தனி வரிசை ஒதுக்கியுள்ளனர். குடியிருப்புத் தெருக்களில் மட்டும் காரும் வண்டியும் ஒரே வரிசையில் செல்கின்றன. அங்கு வேக வரம்பு குறைவு.

வேகம் மிகுந்த இடத்தில் இரண்டையும் பிரிப்பது, பிரிக்க இயலாத இடத்தில் காரின் வேகத்தைக் குறைப்பது என்பதே இதன் தத்துவம். ஆனால் தனிப்பாதை எங்கோ ஓரிடத்தில் முடிந்து சாலையில் கலக்கத்தானே வேண்டும்? அந்தக் கலக்கும் இடங்களே கவலைக்குரியவை. அங்கே பொறியாளரின் வேலை முடிந்து மனிதரின் வேலை தொடங்குகிறது.

ஒரு கையசைப்பு

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள். நிறுத்தப் பலகை உள்ள சந்தியில், சாலையைக் கடக்க நாங்கள் காத்திருந்தோம். இடப்புறமிருந்து வந்த காரில் ஓர் அம்மையார். செல்லும் உரிமை அவருடையது. ஆயினும் முதியவர் காத்திருப்பதைக் கண்டு இரங்கிக் காரை நிறுத்தி, 'போங்கள்' என்று கையசைத்தார். அத்தானும் நன்றிக்குக் கை உயர்த்தியவாறே வண்டியை நகர்த்தினார். அவருடைய வலப்பக்கப் பார்வை குறைவு. நானோ அப்பக்கம் அமர்ந்திருந்தேன். எதிர் வரிசையில் சரக்கு வேன் ஒன்று வேகமாக வருவதைக் கண்டு, "அத்தான், நிறுத்துங்க!" என்று கத்தினேன். வேன் எங்கள் முன்னே கடந்து சென்றது. இரண்டடி நகர்ந்திருந்தால் இக்கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா என்பது ஐயமே.

அந்த அம்மையார் தீயவர் அல்லர். ஆனால் தம் வரிசையை மட்டுமே அவரால் நிறுத்த இயலும். அடுத்த வரிசைக்கு அவர் பொறுப்பாக முடியாது. சாலையில் நாம் பிறர்க்குச் செய்யும் பேருதவி, விதிப்படி எதிர்பார்த்ததைச் செய்வதுதான் என்று அன்று உணர்ந்தேன்.

இரு சாராரும் செய்ய வேண்டுவன

காரோட்டி, முன்னே வண்டியைக் கண்டதும் அதன் வேகம் தன் வேகத்தில் பாதி என்று கொள்ள வேண்டும். வலப்புறம் திரும்புமுன், ஓர வரிசையில் வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். வளைவிலும் சந்தியிலும் வண்டியை முந்தலாகாது. பின்னால் நெருங்கி ஒலியெழுப்பி விரட்டலாகாது. அச்சமுற்ற முதியவர் திடீரெனத் திருப்பினால் அருகிலிருப்பவர் கீழே விழுவார்.

வண்டியோட்டி, தாம் ஓட்டுவது கார் அன்று என்பதை மறக்கலாகாது. தனிப்பாதை இருக்கும்போது சாலையில் ஏறக்கூடாது. பாதையிலிருந்து சாலையில் கலக்குமுன் நின்று, இருபுறமும் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். திரும்பும் விளக்கு இல்லையேல் கைக்குறி காட்ட வேண்டும்: இடக்கையை நேரே நீட்டினால் இடப்புறம், முழங்கையில் மடித்து மேலே உயர்த்தினால் வலப்புறம், கீழே தாழ்த்தினால் நிற்கப் போவது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு செல்வதும், மது அருந்திவிட்டு ஓட்டுவதும் கூடவே கூடாது. மது பற்றிய சட்டம் காருக்குப் போலவே இதற்கும் உண்டு.

நான் சொன்ன தீர்ப்பு

அன்றிரவு நடந்ததை மறைக்காமல் தமக்கையிடம் சொன்னோம். அவர் அழுதார். "இனிமே வண்டியே வேண்டாம்" என்றார். அத்தான் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மாப்பிள்ளை, நீ சொல்லு. அதுபடி கேக்கறேன்" என்றார்.

வண்டியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்தபடியே ஓட்டச் சொல்லவும் துணிவில்லை. இறுதியில் ஐவகை ஏற்பாட்டுக்கு மூவரும் உடன்பட்டோம். இருக்கைப் பட்டை பொருத்துவது. பகலில் மட்டும் செல்வது. தனிப்பாதையும் சுரங்கமும் உள்ள வழிகளில் மட்டுமே செல்வது. அந்தச் சந்தியைத் தனியே கடப்பதில்லை. ஆறு திங்களுக்கு ஒருமுறை கண் மருத்துவர், 'இனி வேண்டாம்' என்று சொல்லும் நாளில் மறுபேச்சின்றி விட்டுவிடுவது.

ஊருக்குத் திரும்பும் நாளில் தமக்கைதான் விமான நிலையத்துக்குக் காரில் அழைத்துச் சென்றார். குடியிருப்புத் தெருவில் எங்கள் முன்னே ஒரு கோல்ஃப் வண்டி மெல்ல ஊர்ந்தது. நான் வந்த புதிதில், "இந்தக் கிழங்களுக்கு ரோட்டுல என்ன வேலை!" என்று அலுத்துக்கொண்டவர் அவர். அன்று எதுவும் சொல்லவில்லை. வேகத்தைக் குறைத்து, நல்ல இடைவெளி விட்டு, அந்த வண்டி திரும்பும் வரை அதன் பின்னாலேயே சென்றார். விமானத்துக்கு நேரம் இருந்தது.