பிராங்க்ஃபர்ட் சமையலறை

பிராங்க்ஃபர்ட் சமையலறை என்பது 1926 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஆஸ்திரியக் கட்டிடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி (1897–2000) வடிவமைத்த சிறிய சமையலறை ஆகும். சுவரோடு பொருத்திய மேடையும் அலமாரிகளும் கொண்ட இக்காலச் சமையலறைகளின் முன்னோடியாக இது கருதப்படுகிறது. ஓர் அறையின் அளவும் கதவின் இடமும் அவ்வீட்டாரின் ஒரு நாளை எவ்வளவு மாற்றக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு காண்பது அரிது.

பின்னணி

முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மன் நகரங்களில் கடும் வீட்டுப் பற்றாக்குறை நிலவியது. 1925 இல் பிராங்க்ஃபர்ட் நகரின் கட்டிடத் துறைப் பொறுப்பை ஏற்ற எர்ன்ஸ்ட் மே, "புதிய பிராங்க்ஃபர்ட்" என்ற திட்டத்தின் கீழ்க் குறைந்த செலவில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டினார். லிஹோட்ஸ்கி அவரது குழுவில் பணியாற்றினார்.

அதுவரை தொழிலாளர் வீடுகளில் சமையலறையே குடும்பம் கூடும் இடமாக இருந்தது. சமைப்பது, உண்பது, குளிப்பது, சில வீடுகளில் உறங்குவது என யாவும் அங்கேயே நடந்தன. அடுப்பு எரிவதால் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாக இருந்த அறையும் பெரும்பாலும் அதுவே. நலவாழ்வுக்கு இது உகந்ததல்ல எனக் கருதிய மேயின் குழுவினர், சமையலுக்கென்று தனி அறை ஒதுக்கினர்.

வடிவமைப்பு

இவ்வறை ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்டது. தொடர்வண்டி உணவுப் பெட்டிகளில் உள்ள குறுகிய சமையலறைகள் இதற்கு முன்மாதிரியாயின. தொழிற்சாலை வேலையைச் சிறு அசைவுகளாகப் பிரித்து நேரத்தை அளக்கும் டெய்லரின் முறையை அமெரிக்கரான கிறிஸ்டீன் பிரெடரிக் வீட்டு வேலைக்குப் பொருத்தியிருந்தார். லிஹோட்ஸ்கி அம்முறையைப் பின்பற்றி, எந்தப் பொருளும் ஓரிரு அடிகளில் கைக்கு எட்டுமாறு அறையை அமைத்தார்.

சன்னலை ஒட்டிய மேடை, உட்கார்ந்தபடி காய் நறுக்கச் சுழல் இருக்கை, கழிவைத் தள்ளிவிட மேடையிலேயே ஓர் இழுப்பறை, மடக்கி வைக்கும் இஸ்திரிப் பலகை, கூரையில் முன்னும் பின்னும் நகரும் விளக்கு ஆகியன இதில் இருந்தன. அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள் உண்டு. கைப்பிடியும் மூக்கும் இருந்ததால் அப்படியே எடுத்துப் பாத்திரத்தில் சரிக்கலாம். மாவுப் பெட்டி மட்டும் புழு அண்டாதிருக்க ஓக் மரத்தால் செய்யப்பட்டது. நீல நிறத்தை ஈக்கள் விரும்பா என்ற அக்கால நம்பிக்கையால் அலமாரிகளுக்கு நீலம் பூசப்பட்டது.

வாழ்க்கை முறையில் தாக்கம்

கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே தள்ளுகதவு ஒன்று வைக்கப்பட்டது. அதைத் திறந்து வைத்தால் சமைத்தபடியே குழந்தைகளைக் கவனிக்கலாம். மூடினால் புகையும் வாடையும் கூடத்துக்கு வாரா. அடுப்பிலிருந்து உணவு மேசைக்குச் சில அடிகளே. வேலை விரைவில் முடிந்தால் பெண்களுக்கு ஓய்வு கிட்டும் என்பதே லிஹோட்ஸ்கியின் நோக்கம். (இதை வடிவமைக்கும் முன் தாம் சமைத்ததே இல்லை என அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார்.)

நடை குறைந்தது உண்மைதான். ஆனால் ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்யக்கூடிய அறையில் இரண்டாமவர் உதவிக்கு வர இடமில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்து பேசியபடி காய் நறுக்கிய குடும்பத்தில், இப்போது பெண் ஒருத்தி தனியே நின்று சமைத்தாள். மற்றவர்கள் கதவுக்கு அப்பால் இருந்தனர். 1970களில் பெண்ணியவாதிகள் இதையே கடுமையாக விமர்சித்தனர். வடிவமைப்பாளர் அளந்தது அடிகளையும் நிமிடங்களையும். யார் சமைப்பது என்பது அக்கணக்கில் கேள்வியாகவே இடம்பெறவில்லை.

குடியேறியவர்களும் வடிவமைப்புக்கு முழுதும் அடங்கிவிடவில்லை. பெயர் பொறித்த பெட்டிகளில் வேறு பொருள்களை இட்டு வைத்தனர். அப்பெட்டிகள் சிறு குழந்தைகளுக்கும் எட்டும் உயரத்தில் இருந்தது இன்னொரு தொல்லை. பழைய தளவாடங்களோ இங்கு நுழையா. எனவே வீட்டோடு சேர்த்தே சமையலறை முழுவதும் பொருத்தித் தரப்பட்டு, அதன் செலவு வாடகையில் சேர்க்கப்பட்டது.

பிற்காலம்

ஏறத்தாழ 10,000 வீடுகளில் இச்சமையலறை அமைக்கப்பட்டது. 1930 இல் மேயும் லிஹோட்ஸ்கியும் சோவியத் ஒன்றியம் சென்றனர். நாசி எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்டதற்காக 1941 இல் கைதான லிஹோட்ஸ்கி, போர் முடியும் வரை சிறையில் இருந்தார்.

பெரும்பாலான சமையலறைகள் பின்னர் அகற்றப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றுள் ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. பிராங்க்ஃபர்ட்டின் ரோமர்ஷ்டாட் குடியிருப்பில் எர்ன்ஸ்ட் மே பெயரில் பேணப்படும் வீட்டில், சீரமைக்கப்பட்ட சமையலறையை அதன் உரிய இடத்திலேயே, தள்ளுகதவும் கூடமும் சேரக் காணலாம்.