உங்களுக்குத் தெரியுமா? – காற்றுத் துப்பாக்கி

"லைசென்ஸ் வேண்டாமாமே! ஒண்ணு வாங்கிப் போட்டா ராத்திரியில முயல் கியல் அடிக்கலாமே!" அயோத்தியாப்பட்டணம் டீக்கடை பெஞ்சில் இப்படி யாராவது சொன்னால், முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாம் பாதியை நம்பிப் போனால் ஜெயில்தான்.

● திருவிழாவில் பலூன் சுடக் கொடுப்பது ஸ்பிரிங் துப்பாக்கி. குழலை மடக்கும்போது உள்ளே ஸ்பிரிங் இறுகும். விசையை இழுத்ததும் அது பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை நெருக்கும். குண்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும். 'பிசிபி' ரகத்தில் காற்றை நெருக்கும் வேலையை முன்கூட்டியே முடித்துச் சிலிண்டரில் அடைத்து வைத்துவிடுவார்கள். விசையை இழுத்தால் வால்வு கண நேரம் திறந்து கொஞ்சம் காற்றை மட்டும் விடும். உதறல் அநேகமாக இல்லை. குறி சுத்தமாக விழுவதற்கு அதுவே காரணம்.

● அந்தச் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் பொதுவாக 200 முதல் 300 பார். கார் டயரில் நாம் அடிப்பது 2 பாருக்குச் சற்று மேல், அவ்வளவுதான்!

● கைப்பம்பிலும் இந்தக் காற்றை அடிக்கலாம். ஆரம்பத்தில் லேசாக இறங்கும் கைப்பிடி, 150 பாரைத் தாண்டியதும் உடம்பின் முழு எடையையும் கேட்கும். பம்பின் அடிப்பாகம் கைவைக்க முடியாதபடி கொதிக்கும். ஆறவிடாமல் அடித்தால் சீல் கெடும். ஈரத்தை அவ்வப்போது வெளியேற்றாவிட்டால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்த் துருவேற்றும்.

● வெல்டிங் பட்டறையில் இருக்கும் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து இந்தத் துப்பாக்கியை நிரப்பவே கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன் துளி எண்ணெயையோ கிரீஸையோ தொட்டால் போதும், வெடிக்கும். உள்ளே போக வேண்டியது சுத்தமான, உலர்ந்த சாதாரணக் காற்று மட்டுமே. சீலுக்குப் போடுவதும் சிலிகான் கிரீஸாக இருக்க வேண்டும்; மெஷின் ஆயில் ஆகாது.

● பெல்லட் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். தலை கெட்டி, இடுப்பு ஒடுக்கம், பின்பக்கம் குழிந்த மெல்லிய பாவாடை. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது அந்தப் பாவாடை விரிந்து குழலின் உள்சுவரைக் கவ்விக்கொள்ளும். குழலுக்குள் வெட்டியிருக்கும் திருகு வரிகள் குண்டைச் சுழற்றி அனுப்பும். பெரும்பாலான பெல்லட்டுகள் ஈயம். சுட்டு முடித்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கு எடுத்துத் தின்னாதீர்கள்.

● காற்றுத் துப்பாக்கி நேற்று வந்த விளையாட்டுச் சாமான் இல்லை. 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவமே இதைத் தன் ஆயுதமாக ஏற்றுக்கொண்டது. ஜிரார்டோனி என்பவர் வடிவமைத்த அந்தத் துப்பாக்கியின் பின்கட்டைதான் காற்றுத் தொட்டி. அதை நிரப்ப ஏறக்குறைய 1,500 முறை பம்பு அடிக்க வேண்டும். நிரப்பிவிட்டாலோ புகையில்லாமல், மருந்து இடிக்காமல் அடுத்தடுத்து 20 குண்டுகள். 1804-ல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயக் கிளம்பிய லூயிஸ், கிளார்க் குழுவிடமும் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது.

● லைசென்ஸ் வேண்டுமா, வேண்டாமா? 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இரண்டு அளவுகளைப் பார்க்கின்றன: குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூல், குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டர். இரண்டுக்கும் அடங்கினால் உரிமம் தேவையில்லை. ஒன்றில் மிஞ்சினாலும் உரிமம் வேண்டும். ஆகவே 5.5 மில்லிமீட்டர் ரகத்தை, "ஏர் கன்தானே சார்" என்று சொல்லி உரிமமின்றி வைத்திருக்க முடியாது. வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

● 20 ஜூல் என்பது சும்மா இல்லை. 0.53 கிராம் எடையுள்ள பெல்லட் அந்த ஆற்றலோடு கிளம்பினால் வேகம் நொடிக்குச் சுமார் 275 மீட்டர். மணிக்கு 990 கிலோமீட்டர் கணக்கு. கண்ணில் பட்டால் பார்வை போகும். உயிரே போகவும் கூடும். குறி தவறிய குண்டு 200 மீட்டரைத் தாண்டியும் பறக்கும். மொட்டை மாடியிலிருந்து தென்னை மரத்தைப் பார்த்துச் சுடுகிறவர்கள், அந்த மரத்துக்குப் பின்னால் யார் வீடு என்று யோசிக்க வேண்டும்.

● துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ் விலக்கு. வேட்டைக்கு விலக்கே கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் இருக்கும் உயிர்களை வேட்டையாடத் தடை. கொல்வது மட்டுமா வேட்டை? சட்டத்தின் கணக்கில் காயப்படுத்துவது, பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது எல்லாமே வேட்டை. கூட்டைக் கலைப்பதும் முட்டை எடுப்பதும்கூட அதில் சேரும். முயற்சி செய்தாலே குற்றம். "குறி தப்பிடுச்சு சார்" என்பது தப்பிக்கும் வழி ஆகாது.

● தண்டனை என்ன? 2022-ல் திருத்தி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பொதுவான குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வேட்டைக்குப் பயன்பட்ட துப்பாக்கியும் பைக்கும் அரசுடைமை ஆகிவிடும். கால் கிலோ கறிக்கு இவ்வளவு விலை!

● காகம், எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் 'தொல்லை உயிர்கள்' என்று பழைய சட்டம் தனி அட்டவணையில் வைத்திருந்தது. 2022 திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது.

● அயோத்தியாப்பட்டணத்துக்குக் கிழக்கே வாழப்பாடி பக்கம், பொங்கல் சமயத்தில் வங்காநரியைப் பிடித்து வந்து ஓடவிடும் வழக்கம் தலைமுறைகளாக உண்டு. நரி முகத்தில் விழித்தால் மழை பெய்யும், வெள்ளாமை செழிக்கும் என்பது நம்பிக்கை. சின்னமநாயக்கன்பாளையம் போன்ற ஊர்களில் இதற்காக வனத்துறை அபராதம் விதித்திருக்கிறது. நரியைக் கொல்லாமல் திரும்ப விட்டாலும் சட்டத்தின் முன் அது வேட்டைதான்.

● அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் சாலை காட்டை ஒட்டிப் போகிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் சுடுவதும் 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி தனிக் குற்றம். "சும்மா டப்பாவை வெச்சுப் பழகினேன்" என்று ரேஞ்சரிடம் சொன்னால் கதை எடுபடாது.

● மயில் நிலக்கடலையைக் கொத்திப் போனால் விவசாயிக்கு வயிறு எரியும், நியாயம். ஆனால் 1963-லிருந்து தேசியப் பறவையாக இருக்கும் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன்மேல் குண்டு பட்டால் குறைந்தது 3 ஆண்டு. உயிருக்கு ஆபத்து வரும்போது தற்காப்புக்காக விலங்கைக் கொன்றால் சட்டம் மன்னிக்கும். பயிரைக் காக்கக் கொன்றேன் என்றால் மன்னிக்காது.

● காட்டுப்பன்றிக்கு மட்டும் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் இருந்தால் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ. தாண்டி வந்தால் சுடலாம். சுடுவது யார்? வனத்துறையினர் மட்டுமே. தோட்டக்காரர் செய்ய வேண்டியது மனு எழுதுவது.

● தெருநாயைச் சுட்டால் வனத்துறை வராது, போலீஸ் வரும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு, விலங்கைக் கொல்வதற்கோ ஊனமாக்குவதற்கோ 5 ஆண்டு வரை சிறை என்கிறது.

● நரிக்குறவர் சமூகம் 2023 ஜனவரியில் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தது. துப்பாக்கியும் கண்ணியுமாக வாழ்ந்த அவர்களுக்கும் வேட்டைத் தடை பொருந்தும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை உரிமையை விட்டுவைத்திருப்பது நிக்கோபார் தீவுப் பழங்குடிகளுக்கு மட்டுமே.

● அப்படியானால் யூடியூபில் பிசிபி வைத்து முயல் சுடுகிறார்களே? இங்கிலாந்தில் சுமார் 16 ஜூலுக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். நிலத்துக்காரர் சம்மதித்தால் முயலைச் சுடுவதும் சட்டப்படி சரி. பக்கத்து ஸ்காட்லாந்திலோ 2016 கடைசியிலிருந்து சான்றிதழ் கட்டாயம். அந்த வீடியோவைப் பார்த்து இங்கே கிளம்பினால், அதே வீடியோ உங்கள் வழக்கில் சாட்சியாகும்.

● துப்பாக்கிக்கு எதிராகப் பறவைகளுக்காகத் தமிழன் மனுப் போட்டு 200 ஆண்டுக்கு மேல் ஆகிறது. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு 1798-ல் தடைக் கவுல் (எழுத்து உத்தரவு) வாங்கினார்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். கணக்குத் தெரிந்த சம்சாரிகள்!

● அருணாசலப் பிரதேசத்தில் வீட்டுக்கு வீடு ஏர் கன் வைத்துப் பறவை சுடுவது பழக்கமாக இருந்தது. 2021 மார்ச்சில் லும்டுங் கிராமத்தில் 'ஏர் கன் ஒப்படைப்பு' இயக்கத்தை அரசு தொடங்கியது. கட்டாயம் இல்லை, மிரட்டல் இல்லை. மக்கள் தாங்களே கொண்டுவந்து கொடுத்த துப்பாக்கிகள் 2,000-ஐத் தாண்டின.

● சுட்டே ஆக வேண்டுமா? 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 1984 முதல் ஒலிம்பிக் விளையாட்டு. இன்று வீரர்கள் கையில் இருப்பது பிசிபி ரகமே. இலக்கின் விட்டம் 45.5 மில்லிமீட்டர், நடுவில் 10 புள்ளி தரும் பொட்டு அரை மில்லிமீட்டர். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கம் வாங்கியது இதில். 2012-ல் லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் பிறந்தது சென்னையில். உலகக் கோப்பைத் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில்.

● 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் பிஸ்டல் பிரிவுகளில் இறங்கிப் பதக்கம் வாங்கியவர்களில் ஒருவர் நடிகர் அஜித். திரையில் எத்தனை பேரைச் சுட்டாலும் கிளப்பில் அவர் சுட்டது காகித இலக்கைத்தான்.

● ஆகவே அயோத்தியாப்பட்டணத்துத் தம்பிகளே, துப்பாக்கி ஆசை தப்பில்லை. 4.5 மில்லிமீட்டர் ரகமாகப் பார்த்து வாங்குங்கள், ரைபிள் கிளப்பில் சேருங்கள், பயிற்சியாளரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். காட்டுப் பக்கம் போகிறபோது மட்டும் துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்!