ஸ்பிட்டிக்குக் குடும்பத்தோடு போகலாமா? பாட்டியின் வேகத்தில் போனால் போகலாம்!

இமாச்சலப் பிரதேசத்தில், திபெத் எல்லையை ஒட்டி இருக்கிறது ஸ்பிட்டி பள்ளத்தாக்கு. மரம் குறைவு, மழை குறைவு, ஆள் நடமாட்டமும் குறைவு. ‘அது பைக்கில் சுற்றுகிற பசங்களுக்கான இடமாச்சே, குழந்தையையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா?’ என்ற தயக்கம் பலருக்கும் உண்டு. தாராளமாகப் போகலாம். ஆனால், அன்றன்றைக்கு எவ்வளவு தூரம் போவது என்பதைக் குடும்பத்திலேயே மெதுவாக நடக்கிறவரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காரணம், உயரம். ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸா, சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். காஸாவில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோர ஊர்களில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இதற்கு உடம்பு பழகிக்கொள்ளும். அதற்குச் சில நாள்கள் கொடுக்க வேண்டும்.

எந்த வழி நல்லது?

காஸாவுக்கு இரண்டு சாலைகள். மணாலியிலிருந்து போனால் சுமார் 200 கிலோமீட்டர். 2020-ல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு பலரும் ஒரே நாளில் போய்விடுகிறார்கள். ஆனால், 2,050 மீட்டரில் காலை டிபனை முடித்துவிட்டு, 4,500 மீட்டருக்கும் மேலே இருக்கும் குன்ஸம் கணவாயைத் தாண்டி, இரவு 3,700 மீட்டரில் படுக்க வேண்டியிருக்கும். தலைவலியும் வாந்தியும் வர இதுவே போதும். குளிர்கால மாதங்களில் பனி மூடி இந்த வழி அடைபட்டும் விடும்.

சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகப் போனால் 400 கிலோமீட்டருக்கும் மேல். நாள் கூடும், செலவும் கூடும். ஆனால், இந்தச் சாலை மாடிப்படி மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. குடும்பத்துக்கு இதுதான் சரி.

படிப்படியாக ஒரு திட்டம்

முதல் இரவு சராஹனில். மரமும் கல்லும் அடுக்கிக் கட்டிய பீமாகாளி கோயில் அங்கே இருக்கிறது. அடுத்த இரண்டு இரவுகள், 2,900 மீட்டரை ஒட்டிய கல்பாவில். எதிரே கின்னர் கைலாஷ் மலை, சுற்றிலும் ஆப்பிள் தோட்டங்கள். இங்கே ஒரு முழு நாள் சும்மா இருப்பதை வீண் என்று நினைக்காதீர்கள். உடம்பு மலைக்குப் பழகுவது அந்த ஒரு நாளில்தான்.

நான்காம் நாள், காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி நதி சட்லெஜோடு கலப்பதைப் பார்த்துவிட்டு, வளைந்து வளைந்து ஏறினால் நாக்கோ. 3,600 மீட்டர் உயரத்தில் ஒரு சின்ன ஏரி, மண் வீடுகள். மதியச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொண்டு, இரவுக்கு 3,280 மீட்டரில் இருக்கும் தாபோவுக்கு இறங்கிவிடுங்கள். பகலில் உயரே ஏறிவிட்டு, இரவில் இறங்கித் தூங்குவது மலையேறுபவர்களின் பழைய வழக்கம். தாபோவில் கி.பி. 996-ல் நிறுவப்பட்ட புத்த மடாலயம் இருக்கிறது. வெளியே வெறும் மண் சுவர். உள்ளே ஆயிரம் ஆண்டு ஓவியங்கள். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இங்கே இரண்டு இரவுகள் தங்கிவிட்டு, தன்கர் வழியாகக் காஸா.

காஸாவிலிருந்து பகலில் போய்வர, கீ மடாலயமும் லாங்ஸா, ஹிக்கிம் கிராமங்களும் இருக்கின்றன. இமயமலை எழும்புவதற்கு முன் இந்த மண் கடலுக்கு அடியில் கிடந்தது. லாங்ஸாவில் கிடைக்கும், கல்லாய்ப்போன கடல் உயிரிகள் அதற்குச் சாட்சி. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். 4,400 மீட்டரில் உள்ள ஹிக்கிம் தபால் நிலையத்திலிருந்து, ஊரில் இருக்கும் தாத்தாவுக்கு ஒரு கார்டு போடலாம். சந்திரதால் ஏரிக்கரைக் கூடாரத்தில் தங்கும் ஆசையை மட்டும், சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால் விட்டுவிடுங்கள். அது 4,200 மீட்டருக்கும் மேல்.

இதைக் கவனியுங்கள்

லேசான தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை வந்தால் அதற்கு மேல் ஏறாமல் அங்கேயே தங்குங்கள். பேசத் தெரியாத குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. விளையாடாமல் சோர்ந்து கிடந்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, காரணமில்லாமல் சிணுங்கினாலோ உயரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெரியவர்கள், ‘எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க கிளம்புங்க’ என்பார்கள். அந்த வார்த்தையை நம்பாதீர்கள். தட்டில் சாப்பாடு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள்.

நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது எல்லாம் அபாய அறிகுறிகள். விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவ உதவியைத் தேடுங்கள், உடனே கீழே இறங்குங்கள். இறங்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. காஸாவிலிருந்து மணாலி கிட்டத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால், அந்த வழியில் இறங்குவதற்கு முன் குன்ஸம் கணவாய்க்கு ஏற வேண்டும். முடியாதவரைத் தாபோ பக்கமாக அழைத்துப் போவதே நல்லது.

இதய நோய், நுரையீரல் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் எடுக்கும் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். உயரத்துக்கான மாத்திரையையும் அவர் சொன்னால் மட்டுமே போட வேண்டும்.

எப்போது போவது?

மே, ஜூன் அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்ட் மழையில் கின்னௌர் மலைகள் சரியும். 2021 ஆகஸ்ட்டில் நிகுல்சாரியில் பேருந்தும் வாகனங்களும் புதைந்து 28 பேர் இறந்தார்கள். மலைச் சாலையில் பழகிய உள்ளூர் டிரைவரை அமர்த்திக்கொள்ளுங்கள். ‘இன்னிக்கு வேண்டாம்’ என்று அவர் சொன்னால், அன்று வண்டி நகரக் கூடாது. பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. கையில் ரொக்கம் இருக்கட்டும். இந்தியர்களுக்கு இந்தச் சாலையில் பர்மிட் தேவையில்லை. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர்கள் கூட வந்தால், ரெக்காங் பியோவைத் தாண்டுவதற்குள் வாங்கிவிட வேண்டும்.

திட்டத்தில் இரண்டு நாள்களை எதுவும் எழுதாமல் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது முடியாமல் போனாலோ, சாலை அடைபட்டாலோ அவை கைகொடுக்கும். எதுவும் நடக்காவிட்டால், தாபோவின் ஆப்பிள் மரத்தடியில் பாட்டியும் பேத்தியும் இன்னும் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கலாம்!