காலுக்கும் காதுக்கும் அளவெடுத்த வாத்தியம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம்மவர் பழமொழி. தன் குறையைக் கருவியின்மேற் சுமத்தும் கலைஞனைக் கண்டால் நாம் நகைக்கின்றோம். ஆயினும், நன்றாக ஆடத் தெரிந்த ஒருத்தி வந்து, கூடம் கோணல்தான் என்று கூறுவாளாயின் யாது செய்வது? அவ்வேளையில் நகைப்பதை விடுத்துத் தச்சனை அழைத்து வருவதே அறிவுடைமையாகும்.

கலைஞன் குறை கூற, கைவினைஞன் செவிசாய்க்க, இருவரும் கலந்து பேசியே உருவாக்கிய வாத்தியம் ஒன்று மேல்நாட்டு இசையுலகில் உண்டு. பெடல் ஸ்டீல் கிற்றார் என்பது அதன் பெயர். அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களிலே, பாடகரின் குரலுக்குப் பின்னால் விம்மியும் நெகிழ்ந்தும் ஓர் ஓசை இழைந்து வருவதை வானொலியிற் கேட்டோர் பலர் இருப்பர். அவ்வோசை பிறந்த வரலாறு இசையன்பர்களுக்கு மாத்திரமன்றி, ஏதேனும் ஒரு தொழிலைக் கற்க முனையும் மாணவர்களுக்கும் பயன்தருவது.

மடிமீது கிடந்த கிற்றார்

இவ்வாத்தியத்தின் மூலம் ஹவாய்த் தீவுகளிலே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், ஜோசப் கெக்குக்கு என்னும் இளைஞர் கிற்றாரை மடிமீது கிடத்தி, விரலால் தந்தியை அழுத்துவதற்குப் பதிலாக, இரும்புத் துண்டொன்றைத் தந்திகளின்மீது வழுக்கி வாசிக்கும் முறையைக் கண்டார் என்பர். 1904ஆம் ஆண்டு அவர் அமெரிக்கப் பெருநிலத்துக்குச் சென்றார். 1915இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியின் பின்னர் ஹவாய் இசை அந்நாடெங்கும் பரவிற்று. 1930களின் தொடக்கத்தில் மின்விசையால் ஒலி பெருக்கும் கிற்றார் கடைக்கு வந்தபோது, முதலில் வந்ததும் இந்த மடிக் கிற்றாரேயாம்.

நமது கோட்டுவாத்தியத்தைக் கண்டோருக்கு இம்முறை புதிதன்று. ஆங்கும் கலைஞர் ஒரு கோலைத் தந்திகளின்மேல் வழுக்கியே வாசிக்கின்றார். ஆனால் நம் இசை ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்குச் செல்வது. மேல்நாட்டிசையோ பல சுரங்களை ஒருங்கே ஒலிப்பிக்கும் சுரக்கூட்டுகளை நம்பி நிற்பது. இவ்விடத்தில்தான் கூடம் கோணலாயிற்று.

அதனை நமது சுரப்பெயர்களாலேயே விளக்குவோம். தந்திகளை ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம் எனச் சுருதி கூட்டியிருப்பதாகக் கொள்ளுங்கள். கோலை எங்கே நகர்த்தினாலும் மூன்றும் ஒருமிக்கவே உயரும், ஒருமிக்கவே தாழும். எனவே எந்த இடத்திலும் கிடைப்பது அதே ச-க-ப உறவுடைய கூட்டுத்தான். ஷட்ஜத்தை அசையாமல் நிறுத்தி, காந்தாரத்தை மத்திமமாகவும் பஞ்சமத்தைத் தைவதமாகவும் மாற்ற நேரான கோலால் இயலாது. கோலைச் சரித்துப் பிடித்துச் சிலவற்றைப் பெறலாம். அதுவும் போதாத இடத்து, வெவ்வேறு விதமாகச் சுருதி கூட்டிய இரண்டு, மூன்று, நான்கு தந்தித் தொகுதிகளை ஒரே பலகையில் அமைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவி வாசித்தனர்.

கைகள் இரண்டும் வேலையில் இருக்கின்றன. கால்கள் சும்மா இருக்கின்றனவே என்று சிலர் எண்ணினர். மிதியை அழுத்தினால் தந்தியின் இறுக்கம் மாறும் கிற்றாரை 1940ஆம் ஆண்டையொட்டிக் கிப்சன் நிறுவனம் வெளியிட்டது. ஆயினும் அது பரவலாக வழங்கவில்லை.

ஒருவருக்கென ஒன்று

கலிபோர்னியாவிலே போல் பிக்ஸ்பி என்றொருவர் இருந்தார். 1899இற் பிறந்த இவர் இசைப்புலவர் அல்லர். உலோக வார்ப்புக்கு வேண்டிய அச்சுகளை மரத்திற் செய்வது அவர் கற்ற தொழில். மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டிகளிலும், அவ்வண்டிகளை ஆக்குவதிலும் ஈடுபட்டவர். மரமும் அறிந்து உலோகமும் அறிந்த கை அவருடையது. தம் பட்டறையில் மேப்பிள் மரத்தைச் செதுக்கி, அலுமினியத்தை வார்த்து, ஒலியை வாங்கும் காந்தச் சுருளையும் தாமே சுற்றி, ஒவ்வொரு கலைஞருக்கும் ஒவ்வொன்றாக வாத்தியம் செய்து கொடுத்தார்.

அவ்வாறு அவரிடம் வந்தோருள் ஒருவர் ஸ்பீடி வெஸ்ற். ஸ்பீடி என்றால் வேகம் மிக்கவர் என்பது பொருள், வாசிப்பும் பெயருக்கேற்றதே. 1948ஆம் ஆண்டு பிக்ஸ்பி அவருக்கு மூன்று தந்தித் தொகுதிகளும் நான்கு மிதிகளும் கொண்ட வாத்தியத்தை ஆக்கி அளித்தார். அதன் முகப்பிலே பெரிய எழுத்துகளாற் பொறிக்கப்பட்டிருந்தது வாசிப்பவரின் பெயர். பிறரின் பெயர் பொறித்த வாத்தியத்தை எந்தக் கடையில் வைத்து விற்க முடியும்? ஒருவருக்கென்றே செய்யப்பட்டது என்பதற்கு அதனிலும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்வாத்தியங்களின் பெருமை பரவவே, பிக்ஸ்பியிடம் கேட்டவர்கள் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது.

பாட்டின் நடுவே அசைந்த கால்

தொடக்கத்திற் கலைஞர்கள் மிதிகளைப் பெரும்பாலும் ஒரு சுருதியமைப்பிலிருந்து வேறொன்றுக்கு மாறும் வசதிக்காகவே கொண்டனர். அந்த வழக்கத்தை மாற்றியவர் பட் ஐசக்ஸ். அவரும் பிக்ஸ்பியின் வாத்தியத்தையே பெற்றிருந்தார். வெப் பியர்ஸ் என்னும் பாடகரின் 'ஸ்லோலி' என்ற பாட்டு 1954இல் வெளிவந்தது. அதில் ஐசக்ஸ் தந்திகளை மீட்டி, அவை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தினார். ஒரு தந்தி அசையாது நிற்க, மற்றவை அதனருகே வழுக்கி மேலேறின. நாம் மேலே இயலாது எனக் கூறிய அதே மாற்றம், கேட்போர் செவிமுன்னே நிகழ்ந்தது. நாட்டுப்புறப் பாடல் வரிசையில் அப்பாட்டு 17 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. மடிக் கிற்றார்க் கலைஞர்கள் பலர் தாமும் மிதி பூட்ட முனைந்தனர்.

ஐசக்சின் மிதி காந்தாரத்தையும் பஞ்சமத்தையும் ஒரே அழுத்தில் உயர்த்திற்று. பட்டி எம்மன்ஸ் என்னும் இளைஞர், இவ்விரண்டையும் தனித்தனியே உயர்த்தினால் என்ன என்று எண்ணி, ஒரு மிதியின் வேலையை இரு மிதிகளுக்குப் பகிர்ந்தார். சிறிய மாற்றந்தான், ஆயினும் ஒரு வாசல் இருந்த இடத்தில் மூன்று வாசல்கள் திறந்தன. ஒன்றை மாத்திரம் அழுத்தலாம்; மற்றதை மாத்திரம் அழுத்தலாம்; இரண்டையும் சேர்த்தும் அழுத்தலாம்.

வாசித்தவரே பின்னர் ஆக்குபவருமானார். 1957இல் எம்மன்சும் ஷொட் ஜாக்சன் என்ற கலைஞரும் சேர்ந்து, தம் பெயர்களை ஒட்டி 'ஷோ-பட்' என்னும் தொழிலகத்தைத் தொடங்கினர். 1962இல் எம்மன்ஸ் தம் வாத்தியத்தின் சுருதியமைப்பில் மேலும் இரு தந்திகளைச் சேர்த்தார். பின்னர் தம் பெயரிலேயே தனி நிறுவனம் அமைவதற்கும் காரணரானார். பத்துத் தந்திகள் கொண்ட இன்றைய பொது அமைப்பு பெரிதும் அவர் வகுத்ததேயாகும்.

பட்டறையில் நடப்பது

இன்றும் தேர்ந்த கலைஞர் ஒருவர் தமக்கென ஒரு வாத்தியம் செய்விக்கச் சென்றால், தையற்காரரிடம் சென்றவர்போலவே அளவு கொடுக்க வேண்டும். அவர் அமர்ந்து வாசிப்பவராதலால், காலின் நீளத்துக்கேற்ப வாத்தியத்தின் உயரம் அமைய வேண்டும். இடக்கால் மிதிகளை இயக்கும்; வலக்கால் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மற்றொரு மிதியின்மீது இருக்கும்; முழந்தாள்கள் இரண்டும் இடமும் வலமும் அசைந்து, பலகையின் கீழே தொங்கும் நெம்புகளைத் தள்ளும். நெம்பு சற்று விலகியிருந்தாலும் முழந்தாள் தேடித் தடுமாறும்.

அடுத்துவரும் கேள்வி, எந்த மிதி எதனைச் செய்ய வேண்டும் என்பது. எம்மன்சும், அவர் காலத்துப் பெருங்கலைஞராகிய ஜிமி டேயும் முதன்மையான அதே மூன்று மிதிகளையே வைத்தனர். ஆனால் ஒருவர் இடமிருந்து வலமாக வைத்த வரிசையை மற்றவர் வலமிருந்து இடமாக வைத்தார். இருவருள் எவரும் பிழையானவர் அல்லர். அவரவர் கால் அவ்வாறு பழகியது. எம்மன்ஸ் வரிசையா, டே வரிசையா என்று ஆக்குபவர் இன்றும் கேட்டறிந்தே வேலையைத் தொடங்குகின்றார்.

பலகையின் மேற்புறம் மெருகேறி மின்னும். கீழே குனிந்து பார்த்தாலோ, ஒரு சிறு இயந்திரசாலையே தெரியும். மிதியின் அசைவு ஒரு தண்டைத் திருப்ப, அத்தண்டிலுள்ள சிறு கரம் ஒரு கம்பியை இழுக்க, அக்கம்பி தந்தியின் முனை தங்கியிருக்கும் உலோக விரலை அசைக்கின்றது. அசைவு வேண்டிய சுரத்திற் சரியாக நிற்க வேண்டும். காலை எடுத்ததும் பழைய சுரத்துக்கே திரும்ப வேண்டும். மயிரிழை பிசகினாலும் நல்ல செவி பொறாது. மெல்லிய தந்தியோ ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறிட்டால் 11 கூறளவே தடிப்புள்ளது; இழுத்து இழுத்து விடப்படுவதால் அடிக்கடி அறுந்துபோவது.

இன்னுமொரு நுட்பம் உண்டு. மிதியை அழுத்தும்போது சில தந்திகளின் இறுக்கம் கூடுகின்றது. அவ்விறுக்கம் மரப்பலகையையே மிகச் சிறிது வளைக்கின்றது. வளையவே, தொடப்படாத ஏனைய தந்திகள் சற்றுத் தளர்ந்து சுருதி இறங்குகின்றன. கண்ணுக்குப் புலப்படாத இவ்வளைவைக் கலைஞரின் காதே கண்டுபிடிக்கின்றது. அவர் கூறியதும் ஆக்குபவர், உன் காதிலேதான் குறை என்று வாதிடுவதில்லை. பலகையை மாற்றுகின்றார், தாங்குமிடத்தை மாற்றுகின்றார், மீண்டும் வாசித்துக் காட்டச் சொல்கின்றார்.

இருவர் பணிவு

குறை கூறுபவனுக்குத் தகுதி வேண்டும். குறை கேட்பவனுக்குப் பொறுமை வேண்டும். இவ்விரண்டும் சந்தித்த இடத்திலேதான் இவ்வாத்தியம் வளர்ந்தது. கலைஞர் எவ்வளவு கேட்டும் கைவினைஞர் செவிகொடாதிருந்தால், ஐசக்ஸ் எழுப்பிய ஓசை அவர் மனத்துள்ளேயே அடங்கியிருக்கும். கலைஞர் கேட்கவே துணியாதிருந்தால், பிக்ஸ்பியின் கை மோட்டார் சைக்கிள்களோடு நின்றிருக்கும்.

பிக்ஸ்பி 1968இல் மறைந்தார். 1981இல் ஏற்பட்ட பக்கவாதத்தின் பின் வெஸ்ற் வாசிக்க இயலாதவரானார். 2003இல் அவரும் காலமானார். எம்மன்ஸ் 2015இல் மறைந்தார். அவர்களுக்கென ஆக்கிய வாத்தியங்கள் அவர்களினும் நெடிது வாழக் கூடியவை. ஆயினும் அத்தகைய வாத்தியம் ஒன்று வேறொருவர் கைக்கு மாறினால், புதியவர் முதலிற் செய்யும் வேலை பலகையின் கீழே குனிந்து, முந்தியவரின் கால் பழகிய கம்பிகளைக் கழற்றித் தம் காலுக்கேற்ப மாட்டுவதே. பழையவருக்குச் செய்யும் அவமதிப்பன்று அது. அவருக்கும் ஒருவர் அவ்வாறுதானே அளவெடுத்துப் பூட்டிக் கொடுத்தார்!