பத்து நாள் சோறு... முதுகிலே!

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் என்றொரு மாநிலம். அங்கே மான்சன் என்கிற குட்டி ஊரைத் தாண்டி, காட்டுப் பாதை ஆரம்பிக்கிற இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை நிற்கிறது. 'இங்கிருந்து வடக்கே 100 மைலுக்குச் சாமான் வாங்க இடம் இல்லை. உதவிக்கும் ஆள் இல்லை. குறைந்தது பத்து நாளைக்கு வேண்டியது கையில் இல்லாவிட்டால் உள்ளே போகாதீர்கள்' என்பது அதன் சாரம்.

100 மைல் என்றால் 160 கி.மீ. கிட்டத்தட்ட சென்னையிலிருந்து விழுப்புரம். அந்தத் தூரத்தை ரயிலில் கடப்பதற்குள் நாம் இரண்டு காபி, ஒரு செட் வடை, ஒரு பொட்டலம் வேர்க்கடலையை உள்ளே தள்ளிவிடுவோம். மெய்ன் காட்டிலோ ஏரி, பாறை, சேறு, காலை வாரிவிடும் மரவேர்கள், கொசு... அவ்வளவுதான். அந்தப் பகுதிக்குப் பெயரே 'நூறு மைல் வனாந்தரம்'!

அப்பலாச்சியன் டிரெயில் என்ற நடைபாதையின் கடைசித் துண்டு இது. தெற்கே ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் கிளம்பி, 14 மாநிலங்களைத் தாண்டி, மெய்னில் கட்டாடின் மலை உச்சியில் போய் முடிகிறது பாதை. மொத்தம் சுமார் 3,500 கி.மீ. முழுசாக நடந்து முடிக்க ஐந்து முதல் ஏழு மாதம் பிடிக்கும். மற்ற இடங்களில் மூன்று நாளைக்கோ ஐந்து நாளைக்கோ ஒருமுறை ஏதாவது ஒரு சாலை குறுக்கிடும். பக்கத்து ஊருக்குப் போய் வயிற்றையும் பையையும் நிரப்பிக்கொண்டு வந்துவிடலாம். கடைசியில்தான் இந்தச் சோதனை.

"ஏன் சார், பத்து நாள் சாப்பாட்டைக் கட்டிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே! இதிலே என்ன பெரிய விஷயம்?" என்கிறீர்களா? உட்காருங்கள். ஒரு கணக்குப் போடுவோம்.

சிப்பம் சுமக்கிற கணக்கு

மலையில் நாள் முழுக்க நடக்கிற ஆளுக்கு, நன்றாகக் காயவைத்த உணவாகவே எடுத்துப் போனாலும் தினம் 700-லிருந்து 900 கிராம் வேண்டும். 900 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளைக்கு மூன்று கிலோகூட வராது. பத்து நாளைக்கு 9 கிலோ. இருபது நாளைக்கு 18. ஒரு மாதத்துக்கு 27 கிலோ!

அதாவது, 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை முதுகில் ஏற்றி, அதன் மேல் இரண்டு கிலோ பருப்பையும் வைத்து, "போய்ட்டு வாப்பா, மலை அந்தப் பக்கம்!" என்று அனுப்பி வைப்பது மாதிரி. கூடாரம், படுக்கைப் பை, அடுப்பு, கம்பளிச் சட்டை, குடிதண்ணீர் எல்லாம் தனி. அது ஒரு எட்டு, பத்து கிலோ.

வேடிக்கை இனிமேல்தான். சுமை ஏறினால் நடை குறையும். நடை குறைந்தால் நாள் கூடும். நாள் கூடினால் உணவு கூடும். உணவு கூடினால் மறுபடி சுமை ஏறும்! வட்டி கட்டுவதற்குக் கடன் வாங்கி, அந்தக் கடனுக்கும் வட்டி கட்டுகிற கதைதான். அதனால்தான் அனுபவசாலிகள் 'எத்தனை கிலோமீட்டர்?' என்று கேட்பதில்லை. 'எத்தனை நாள்?' என்றுதான் கேட்கிறார்கள். தெற்கிலிருந்து மாதக்கணக்கில் நடந்து கால் உரமேறி வந்தவர், பலகை சொல்லும் பத்து நாளுக்கு முன்பே இந்த 160 கி.மீ.யை முடித்துவிடுவார். வடக்கிலிருந்து இப்போதுதான் புறப்பட்ட புது ஆளுக்குப் பத்து நாளும் தேவைப்படும். பாதை ஒன்றுதான், மூட்டை வேறு!

இந்தக் கணக்கை எவ்வளவு தூரம் இழுக்க முடியும்? 2006-ல் ரோமன் டயல் என்கிற அலாஸ்கா பேராசிரியரும் இரண்டு நண்பர்களும் அதைப் பார்த்துவிடுவது என்று கிளம்பினார்கள். அலாஸ்காவின் வடமேற்கில், சாலையே இல்லாத ஆர்க்டிக் பிரதேசத்தில், சுமார் 1,000 கி.மீ. வழியில் ஒரு பிஸ்கட்கூட வாங்கக் கூடாது, யாரும் கொண்டுவந்து தரவும் கூடாது என்பது நிபந்தனை. கூடாரத்திலிருந்து பாத்திரம் வரை எல்லாவற்றையும் இளைக்க வைத்து, அந்த இடத்தில் உணவை அடைத்துக்கொண்டார்கள். மூவரில் ஒருவருக்குக் கணுக்காலில் அடிபட்டுப் பாதியிலேயே வெளியேற வேண்டியதாகிவிட்டது. மற்ற இருவரும் முடித்துக் காட்டினார்கள்.

கொழுப்பா? சபாஷ்!

நம் ஊரில் ஒருத்தரைப் பார்த்து 'உனக்குக் கொழுப்பு' என்றால் சண்டைக்கு வருவார். நெடுநடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், 'தேங்க்ஸ்' என்பார்!

விஷயம் இதுதான். ஒரு கிராம் மாவுச்சத்திலோ புரதத்திலோ கிடைப்பது 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்பில் 9. முதுகில் சுமக்கிற ஒவ்வொரு கிராமும் கூலி கேட்கும்போது, எதை எடுத்துப் போவீர்கள்? வேர்க்கடலை வெண்ணெய், முந்திரி, பாதாம், சீஸ், சாக்லேட், ஆலிவ் எண்ணெய்... வீட்டில் டாக்டர் தொடாதே என்று சொன்ன அயிட்டமெல்லாம் அங்கே ராஜ மரியாதையோடு பைக்குள் ஏறுகின்றன. நூடுல்ஸ் வெந்ததும் மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெயை ஊற்றிக் குடிப்பவர்கள் உண்டு.

அடுத்த எதிரி, தண்ணீர். நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. அதே நூறு கிராம் சோற்றில் 130-தான். மீதியெல்லாம் தண்ணீர்! ஓடையில் இனாமாகக் கிடைப்பதை எதற்கு முதுகில் சுமக்க வேண்டும்? எனவே ஈரமுள்ளதெல்லாம் அவுட். காய்ந்ததற்குத்தான் அனுமதி. அதற்காகப் பொரியை மூட்டை கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். எடை குறைவுதான், ஆனால் பையில் வேறெதற்கும் இடம் இருக்காது.

இத்தனை சாமர்த்தியம் செய்தும் பற்றாக்குறை பட்ஜெட்தான். மலையேறி நடக்கிற உடம்பு ஒரு நாளில் எரிப்பது 4,000 முதல் 6,000 கலோரி. 900 கிராம் உணவை எப்படி அடைத்தாலும் சுமார் 4,000 அல்லது 4,500 தேறும். பாக்கியை உடம்பே தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். முதல் சில நாள் அலுப்பில் பசியே தெரியாது. இரண்டு மூன்று வாரம் போனதும் ஒரு பசி கிளம்பும் பாருங்கள்... எதைத் தின்றாலும் அடங்காத யானைப் பசி!

ஆக, மூட்டை நிறைய இருக்கும்போது பசி இருக்காது. பசி வரும்போது மூட்டையில் இருக்காது. நெடுநடையின் மொத்தக் கஷ்டமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

அப்பலாச்சியன் பாதையின் நடுவாந்திரத்தில், பென்சில்வேனியாவில் ஒரு பூங்கா. அங்கே உள்ள கடையில் அரை காலன் ஐஸ்க்ரீமை, அதாவது சுமார் 1.9 லிட்டரை, ஒரே உட்காரலில் காலி செய்வது நடைக்காரர்களின் பரம்பரை வழக்கம். ஜெயித்தவருக்குப் பரிசு, ஒரு குட்டி மர ஸ்பூன்!

கரடிக்குப் பங்கு கிடையாது

அமெரிக்காவின் மேற்குக் கரையில் இதற்கு ஓர் அண்ணன் பாதை இருக்கிறது. மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை ஓடும் பசிஃபிக் கிரெஸ்ட் டிரெயில். சுமார் 4,265 கி.மீ. அது கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் ஏறும்போது புது வில்லன் வருகிறார்: கரடியார். உங்கள் பத்து நாள் சோறு அவருக்கு ஒரு ராத்திரி டிபன்.

அதனால் அங்கே பல பகுதிகளில் உணவைக் கரடியால் திறக்க முடியாத உருண்டை டப்பாவில்தான் வைக்க வேண்டும் என்று சட்டம். காலி டப்பாவே ஒரு கிலோ கனக்கும். குளிரில் விரல் விறைத்துப்போன காலை நேரத்தில் மனிதரும் அதைத் திறக்க முடியாமல் தவிப்பார் என்பது வேறு விஷயம்! ஒரு வாரச் சாப்பாட்டுக்கு மேல் அதில் திணிப்பது கஷ்டம். ஆகவே முதுகு சம்மதித்தாலும் மூடி சம்மதிக்காது.

ஊர்கள் தூரத்தில் இருக்கிற இடங்களில் தபாலாபீஸ்தான் தெய்வம். கிளம்புமுன்பே வீட்டில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகக் கட்டி, வழியிலுள்ள சிற்றூர்த் தபாலாபீஸ்களுக்குத் தன் பெயருக்கே பார்சல் அனுப்பிவிடுவார்கள். சியராவில் ஒரு பண்ணை விடுதி, பணம் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் வாளிகளில் வரும் உணவைப் பத்திரமாக வைத்திருந்து தருகிறது. மெய்ன் வனாந்தரத்திலும் முன்கூட்டியே சொல்லிப் பணம் கட்டினால், மரம் வெட்டுகிறவர்களின் மண்சாலை வழியாக ஒரு வாளி பாதிவழிக்கு வந்து சேரும். "அப்போ பலகை சொல்றது பொய்யா?" என்றால், இல்லை. ஏற்பாடு செய்துகொள்ளாதவருக்கு அது முழு நிஜம்.

பார்சலிலும் ஒரு சிக்கல். ஐந்து மாதத்துக்கும் ஒரே ஓட்ஸ் கஞ்சிப் பொட்டலத்தை அனுப்பிவைத்தவருக்கு இரண்டாம் மாதமே அதைப் பார்த்தால் குமட்டும். அதற்கென்றே விடுதிகளில் ஒரு பொதுப் பெட்டி உண்டு. வேண்டாததைப் போடலாம், வேண்டியதை எடுக்கலாம். அதில் எது நிரம்பி வழியும் என்று சொல்ல வேண்டுமா? ஓட்ஸ்தான்!

ஒன்பது மணி நேரம்

சிரித்துவிட்டோம். இந்தக் கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு மரம் சாட்சி நிற்கிறது.

1860 ஆகஸ்டில் மெல்போர்னிலிருந்து ஒரு பெரிய கோஷ்டி, கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடக்கப் புறப்பட்டது. தலைவர் ராபர்ட் பர்க். நடுவழியில் கூப்பர் க்ரீக் என்ற இடத்தில் உணவுக் கிடங்கு. அங்கே சிலரைக் காவல் வைத்துவிட்டு பர்க், வில்ஸ், கிங், கிரே என்ற நால்வர் டிசம்பர் 16 அன்று மூன்று மாத உணவோடு வடக்கே கிளம்பினார்கள். வடகடல் ஓரத்துச் சதுப்பு நிலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்கள். மூன்று மாதம், நான்கு மாதமானது. உணவு தீர்ந்தது. கிரே வழியில் இறந்துபோனார். அவரைப் புதைக்க ஒரு நாள் நின்றார்கள்.

1861 ஏப்ரல் 21 மாலை, மூவரும் தள்ளாடியபடி கிடங்குக்கு வந்தார்கள். ஆள் இல்லை! நான்கு மாதத்துக்கும் மேல் காத்திருந்த காவலர்கள் அன்று காலையில்தான் புறப்பட்டுப் போயிருந்தார்கள். இடைவெளி சுமார் ஒன்பது மணி நேரம். அன்றிரவு அவர்கள் தங்கியது 22 கி.மீ. தள்ளி. துரத்திப் பிடிக்க இவர்களுக்குத் தெம்பில்லை. 'தோண்டு' என்று மரத்தில் செதுக்கியிருந்ததைப் பார்த்துத் தோண்டி, புதைத்து வைத்த உணவை எடுத்தார்கள். கடிதம் எழுதி அதே குழியில் வைத்து மூடினார்கள். மரத்தில் புது அடையாளம் எதுவும் செதுக்கவில்லை. காவலர்களின் தலைவர் மனசு கேளாமல் மே மாதம் திரும்பி வந்தார். மரம் விட்டுப்போனபடியே இருப்பதாக நினைத்துத் தோண்டாமலே போய்விட்டார்!

பர்க்கும் வில்ஸும் சில வாரங்களில் செத்துப்போனார்கள். கிங் மட்டும் பிழைத்தார். எப்படி? அந்த மண்ணின் மக்களான யாண்ட்ருவாந்தா இனத்தார் அவரைச் சேர்த்துக்கொண்டு சோறு போட்டார்கள். வெள்ளைக்காரர்கள் பட்டினி கிடந்த அதே ஓடைக்கரையில், மீனும் பெரணி மாவும் சாப்பிட்டு அவர்கள் காலங்காலமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள்!

பாட்டி சொன்ன பாடம்

மறுபடி அப்பலாச்சியன் பாதைக்கு வருவோம். ஒஹையோவைச் சேர்ந்த எம்மா கேட்வுட், 11 பிள்ளை பெற்றவர், 23 பேரப்பிள்ளைகள் கண்டவர். கணவரிடம் வாங்கிய அடிக்கு அளவில்லை, கடைசியில் விவாகரத்து. ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இந்தப் பாதையைப் பற்றிப் படித்தார். 1954-ல் மெய்ன் முனையிலிருந்து கிளம்பினார். வழி தவறியது, கண்ணாடி உடைந்தது, உணவு தீர்ந்தது. வனக் காவலர்கள் மீட்டு, வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த வருஷம் பிள்ளைகளிடம் 'நடந்துவிட்டு வருகிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு, 67 வயதில், மே 3-ம் தேதி ஜார்ஜியாவிலிருந்து ஆரம்பித்தார். தானே தைத்த துணி மூட்டை தோளில். காலில் சாதாரண கான்வாஸ் ஷூ. கூடாரம் கிடையாது, மழைக்குக் குளியலறைத் திரை! மூட்டையில் உலர்திராட்சை, கடலை, டின் சாசேஜ். தீர்ந்தால், விவசாயக் குடும்பத்துப் பெண்மணி அல்லவா, எந்தக் கீரையைத் தின்னலாம் என்று தெரியும். அதுவும் போதாதபோது கூச்சப்படாமல் வழியிலுள்ள வீட்டுக் கதவைத் தட்டினார். செப்டம்பர் 25-ல் கட்டாடின் உச்சியில் நின்றார். அந்தப் பாதை முழுவதையும் ஒரே சீசனில் தனியாக நடந்த முதல் பெண் அவர்தான். முடித்தபின், 'பத்திரிகையில் எழுதியிருந்த மாதிரி சுலபமாகவே இல்லை' என்று புகார் வேறு! (எழுதுகிறவர்களை நம்பினால் அப்படித்தான், பாட்டி!) பிறகும் இரண்டு தடவை முடித்தார்.

பர்க்கிடம் ஒட்டகங்களும் மூன்று மாத உணவும் இருந்தன. பாட்டியிடம் ஒரு துணி மூட்டை. சுமந்து போனது பாதிதான், மீதிப் பாதி வழியில் இருப்பவர்களின் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வழியில் யாருமே இல்லாத இடமா? அப்போது நாளை எண்ணுங்கள், கூட ஒரு நாள் சோற்றைக் கட்டுங்கள், எப்போது திரும்புவீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அந்தக் கூடுதல் ஒரு நாள் சோற்றைப் பிரிக்காமலே ஊர் வந்து சேர்ந்தால்... அட, சுமந்தது வீண் என்று புலம்பாதீர்கள். அதுதான் ஜெயித்ததற்கு அடையாளம்!